ஐப்பசி மழைக்கு முன்னே ஓர் ஊசி

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். கடைமடை வயலைத் தொட இன்னும் பல நாள். ஃப்ளூ ஊசியும் இப்படித்தான். இன்று போட்டுக்கொண்டு நாளைக்கே கல்யாணக் கூட்டத்தில் தைரியமாக நுழைய முடியாது. உடம்பில் ஆன்டிபாடி, அதாவது கிருமியைப் பிடித்து முடக்கும் புரதம், போதிய அளவு ஊற இரண்டு வாரம் பிடிக்கும். ஊறியதும் அப்படியே தேங்கி நிற்காது, மாதம் ஆக ஆக வற்றும். ஆகவே ரொம்ப முன்னாலும் போடக்கூடாது, பின்னாலும் போடக்கூடாது.

சரி, எப்போது? அமெரிக்காவில் செப்டம்பர், அக்டோபர் என்பார்கள். அது அவர்கள் குளிர்காலத்துக்கான கணக்கு. டெல்லி, புனே பக்கம் ஃப்ளூ தென்மேற்குப் பருவமழையோடு ஜூலையிலிருந்தே ஏறும். சென்னை, வேலூர் கண்காணிப்பிலோ உச்சம் அக்டோபர், நவம்பரில் தெரிந்தது. காவிரி டெல்டாவுக்கும் பெருமழை அதே வடகிழக்குப் பருவத்தில்தான் என்பதால், ஆவணிக் கடைசியோ புரட்டாசித் தொடக்கமோ நமக்குத் தோது என்பது என் கணக்கு. அமெரிக்கத் தேதிக்குப் பக்கத்திலேதான் வருகிறது, காரணம்தான் வேறு.

இதில் ஒரு சிக்கல். ஃப்ளூ வைரஸ் ஆண்டுக்காண்டு உருமாறுவதால், ஊசியில் எந்தெந்த வகை இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை பரிந்துரைக்கிறது: வடகோளத்துக்குப் பிப்ரவரியில், தென்கோளத்துக்குச் செப்டம்பரில். பெரும்பாலான ஊசிகளுக்கு வைரஸைக் கோழிமுட்டையில் வளர்க்கிறார்கள் என்பதால், மருந்து கைக்கு வர ஆறு மாதம் போல ஆகிவிடும். போடும்முன் அது எந்த ஆண்டுக்கான மருந்து என்று கேளுங்கள். போன வருஷத்து மருந்துக்கு இந்த வருஷத்து வைரஸ் சரியாக அடையாளம் தெரியாமல் போகலாம்.

கோவிட் இப்படிப் பருவம் பார்த்து வருவதில்லை. அங்கே நாள்காட்டியைவிட, கடைசியாக ஊசி போட்டதோ தொற்று வந்ததோ எப்போது என்பதே முக்கியம். இந்தியாவில் 2022 ஜனவரி 10 அன்று முன்னெச்சரிக்கை டோஸ் என்ற மூன்றாவது ஊசி தொடங்கியபோது, இரண்டாவது ஊசிக்கும் அதற்கும் இடைவெளி 9 மாதம். அந்த ஜூலையில் அதை 6 மாதமாகக் குறைத்தார்கள். எதற்கு இத்தனை காத்திருப்பு என்று அப்போது பலரும் சலித்துக்கொண்டார்கள். காரணம் இருக்கிறது. முதலில் போட்ட ஊசியைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பி செல்கள் (ஆன்டிபாடி செய்யும் வெள்ளணுக்கள்), நிணநீர்க் கணுக்களில் மாதக்கணக்கில் தங்களைத் தீட்டிக்கொள்கின்றன. ஆன்டிபாடி நிறைந்திருக்கும்போதே அடுத்த ஊசி போட்டால், அந்த ஆன்டிபாடிகளே புது மருந்தின் ஒரு பகுதியைப் பிடித்து அப்புறப்படுத்திவிடும். செல்கள் பார்க்க மிச்சம் குறைவு. ஆன்டிபாடி வற்றினாலும், கிருமியை நினைவில் வைத்திருக்கும் நினைவுச் செல்கள் நீண்டகாலம் இருக்கும். அதனால்தான் சில மாதத்தில் மறுபடி சளி, காய்ச்சல் வந்தாலும், ஆஸ்பத்திரியில் சேரும் நிலை வராமல் காக்கும் பலம் அதைவிட நீடிக்கிறது. வயதானவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் அந்தப் பலம் சீக்கிரம் தளரலாம். அவர்கள் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்வது நல்லது.

ஐப்பசிக் கடைசியில் மயிலாடுதுறைக் காவிரித் துலாக்கட்டத்தில் கடைமுழுக்கு என்ற புனித நீராடலுக்குக் கூட்டம் நெரியும். ஃப்ளூ ஊசியை அதற்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டிருக்கவேண்டும். தவறிவிட்டதா? கார்த்திகை முதல் தேதி, பிந்தி வந்தவனுக்கும் பலன் கிடைத்த முடவன் முழுக்கு இருக்கிறதே! வைரஸ் ஊருக்குள் சுற்றும்வரை, பிந்திப் போட்ட ஊசிக்கும் பலன் உண்டு.