ஸ்பா அறைக்குச் செடி வாங்கும் முன் ஜன்னலைத் திறவுங்கள்

"செடி இருக்கே, காற்றை அது பார்த்துக்கும். அதான் ஜன்னலை அடைச்சுட்டோம்." இந்தப் பேச்சை இன்னொரு வீட்டில் கேட்க மனம் ஒப்பவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கோலாலம்பூர் காண்டோக்களில் உபரியாகக் கிடக்கும் சின்ன அறையையோ, தரைவீட்டின் பின்பக்க ஸ்டோரையோ ஒழித்து, மசாஜ் கட்டில், வாசனை எண்ணெயை ஆவியாக்கும் டிஃப்யூசர், மூலைக்கு மூலை செடி என்று வீட்டு ஸ்பா அமைப்பது பெருகியிருக்கிறது. நல்ல ஆசைதான். களைத்த உடம்போடு படுத்துக்கொண்டு பச்சை இலையைப் பார்ப்பது கண்ணுக்கு இதம். அந்த இதத்துக்காக வாங்குங்கள். காற்றைச் சுத்தம் செய்யும் கருவியாக நினைத்து வாங்காதீர்கள்.

செடி காற்றைச் சுத்திகரிக்கும் என்ற நம்பிக்கைக்கு வேர் 1989இல் நாசா வெளியிட்ட ஓர் ஆய்வு. அதில் செடிகளைச் சிறிய, காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டி போன்ற அறைகளில் அடைத்து, பென்சீன் முதலிய வாயுக்களைச் செலுத்தி, அளவு குறைகிறதா என்று பார்த்தார்கள். குறைந்தது. சில சோதனைகளில் தொட்டிக்குள் கரியும் மின்விசிறியும் சேர்ந்தே வேலை செய்தன. அது விண்கலத்துக்கான சோதனை. உங்கள் அறை அடைத்த பெட்டி இல்லை. கதவிடுக்கிலும் ஜன்னலிலும் காற்று எந்நேரமும் மாறிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் இத்தகைய சோதனைகளின் முடிவுகளை எல்லாம் திரட்டி, 2019இல் ஒரு கணக்குப் போட்டார்கள். சாதாரணக் கட்டடத்தின் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய, தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1,000 செடிகள் தேவை. பத்துக்குப் பத்தடி அறை ஏறக்குறைய 9 சதுர மீட்டர். குறைந்தபட்சக் கணக்கிலேயே 90 தொட்டி. கட்டிலை எங்கே போடுவீர்கள்?

இதைவிடப் பிடிவாதமானது இரவு ஆக்சிஜன் கதை. ஸ்நேக் பிளாண்ட் இரவில் ஆக்சிஜன் விடும் என்று நாற்றுப்பண்ணையிலேயே அட்டை எழுதி வைத்து விற்கிறார்கள். அந்தச் செடி வறண்ட நிலத்தில் பிறந்தது. பகல் வெயிலில் இலைத்துளைகளைத் திறந்தால் ஈரம் போய்விடும் என்பதால் இரவில் திறந்து கரியமில வாயுவை இழுத்துச் சேமிக்கிறது. இழுப்பது இரவில், ஆக்சிஜன் உண்டாவதோ வெளிச்சம் இருக்கும்போது மட்டும். விளக்கணைத்த அறையில் எந்தச் செடியும் ஆக்சிஜன் தயாரிப்பதில்லை.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. இந்த நம்பிக்கையில்தான் எக்ஸாஸ்ட் விசிறியை நிறுத்துகிறார்கள். நம்மூர்க் காற்றே ஈரம். அதில் வெந்நீர் ஆவி, டிஃப்யூசர் புகை, பதினைந்து ஈரத்தொட்டிகள் சேர்ந்தால் மூன்று வாரத்தில் கட்டிலுக்குப் பின்சுவரில் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் படரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த அறை ஓய்வு தராது. குளித்து முடித்தபின் அரைமணி நேரமாவது விசிறி ஓடட்டும். அந்த அளவு அறைக்கு மூன்று தொட்டி போதும்; ஐந்துக்கு மேல் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். இதில் கோபம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை. மணி பிளாண்ட், லக்கி பேம்பூ இரண்டையும் கண்ணாடிக் குடுவையில் நீர் ஊற்றி, கூழாங்கல் போட்டு வைப்பது ஸ்பா அறையின் அடையாளமாகிவிட்டது. அந்தக் குடுவையை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வேருக்கு நடுவே மயிரிழைபோல் ஏதோ தலைகீழாகத் தொங்கும். கை நிழல் பட்டதும் நெளிந்து நெளிந்து கல்லிடுக்கில் போய் ஒளியும். அதுதான் ஜெந்திக்-ஜெந்திக், கொசுப்புழு. இந்த வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான, அசையாத நீரைத்தான் தேடி வரும். நீங்கள் அதற்கு நிழலும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். 2001இல் நீரில் வைத்துக் கப்பலேற்றிய லக்கி பேம்பூவோடு ஏடிஸ் வகைக் கொசு கலிபோர்னியாவுக்கே போய் இறங்கியது.

"வாராவாரம் தண்ணி மாத்துறோமே" என்பார்கள். மாற்றுவது பாதி வேலை. ஏடிஸ் முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, குடுவையின் உட்சுவரில். அது காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும். புது நீர் பட்டதும் பொரியும். ஆகவே ஐந்து நாளுக்கு ஒருமுறை நீரைக் கொட்டி, உட்சுவரைப் பிரஷ்ஷால் தேய்த்து, வேரையும் கல்லையும் குழாயடியில் அலச வேண்டும். முடியாதென்றால் இன்றே மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். இலைக்குவளையில் நீர் தேங்கும் புரோமீலியாட் வீட்டுக்குள்ளேயே வேண்டாம். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி, கொசு வளரவிட்ட முதல் குற்றத்துக்கே 10,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ விதிக்கலாம். அபராதத்தை விடுங்கள், டிங்கி காய்ச்சலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் நிலை வேண்டாமே.

அழகுத்தொட்டிக்குள் பிளாஸ்டிக் தொட்டியை இறக்கி வைப்பவர்கள் மாதம் ஒருமுறையாவது உள்தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். அடியில் இரண்டு விரற்கடை கறுத்த நீர், அழுகிய முட்டை நாற்றம், தொட்டால் தோலுரியும் பழுப்பு வேர். 'வாசனைக்கு' டிஃப்யூசரைக் கூட்டி வைத்த அறையில் இது பல நாள் தெரியாமலே போகும். உள்தொட்டிக்கு அடியில் ஓர் அங்குல உயரத்துக்கு ஏதாவது முட்டுக் கொடுங்கள். நீர் ஊற்றுவதைக் குளியலறையில் செய்து, வடிந்தபின் கொண்டுவந்து வையுங்கள்.

சரி, எதை வாங்குவது? முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள். நண்பகலில் விளக்கை அணைத்து, செடி வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை விரித்து, ஓரடி உயரத்தில் கையை நீட்டுங்கள். நிழலின் விளிம்பு தெளிவாக இருந்தால் கலாத்தியா, பேர்ட்ஸ் நெஸ்ட் பெரணி, சின்ன பார்லர் பனை. நிழல் மங்கலாக இருந்தால் அக்லோனிமா, ஸீஸீ, ஸ்நேக் பிளாண்ட். நிழலே விழவில்லை என்றால் அங்கே எந்தச் செடியும் வாழாது, மெதுவாகச் சாகும். அப்படிப்பட்ட அறைக்கு மூன்று தொட்டி வாங்கிச் சுற்றுக்கு விடுங்கள்: ஒரு தொட்டி இரண்டு வாரம் உள்ளே, மற்ற இரண்டும் பால்கனி நிழலில். வெளியே போன உடனே நேர்வெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும், கவனம்.

ஏர்கோன் காற்று நேராகப் பட்டால் கலாத்தியாவின் ஓரம் காகிதம்போல் கருகும். நீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றிக் கொல்லாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். ஸ்நேக் பிளாண்ட்டுக்கும் ஸீஸீக்கும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை நீர் போதும். மற்றவற்றுக்கு விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து ஊற்றுங்கள். மண் கலவை: தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு, பெர்லைட் (நர்சரியில் கிடைக்கும் எடையற்ற வெள்ளைக் கல்) ஒரு பங்கு. டிஃப்யூசர் ஒரு மீட்டர் தள்ளியே இருக்கட்டும். எண்ணெய்ப்படலம் ஒட்டிய இலையை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள்.

லெவண்டர், ரோஸ்மேரி கேட்பவர்களிடம் ஒரே வேண்டுகோள்: கேமரன் மலையில் பார்த்ததை இங்கே மூடிய அறைக்குக் கொண்டுவராதீர்கள். அவற்றுக்கு முழுவெயிலும் குளிர்ந்த இரவும் வேண்டும். வாசம்தான் தேவையென்றால் பால்கனியில் பாண்டான் (ரம்பை), செராய் (எலுமிச்சைப்புல்) வளர்த்து, ஒரு கொத்து வெட்டி முடிந்து வையுங்கள். காய்ந்த வெட்டிவேர் இன்னும் நல்லது. அதற்கு நீரே வேண்டாம்.

கடைசியாக, வீட்டில் தவழும் பிள்ளையோ பூனையோ இருந்தால் மணி பிளாண்ட், டிஃபன்பாக்கியா, மொன்ஸ்தெரா, பீஸ் லில்லி, அக்லோனிமா, ஸீஸீ ஆறும் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். டிஃபன்பாக்கியாவை வாங்காமலே இருப்பது உத்தமம். இவற்றின் சாற்றில் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. மென்றால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். ஸ்நேக் பிளாண்ட்டைத் தின்றாலும் வாந்தி வரும். மென்றுவிட்டால் வாயைத் துடைத்துக் கழுவி, குளிர்ந்த நீரையோ பாலையோ சிறிது சிறிதாகக் கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். ஆலோசனைக்குப் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது. அதன் எண்ணை இப்போதே தேடிக் குறித்து வையுங்கள். செடியின் பெயரையும் தொட்டியில் எழுதி ஒட்டுங்கள், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.