பாட்டியின் உயரம் எங்கே போனது?

பத்து ஆண்டுகளுக்கு முன்பு சுவரில் மாட்டிய சாமி படத்துக்குக் கையை உயர்த்திப் பூ வைத்த பாட்டிக்கு இப்போது அந்தப் படம் எட்டுவதில்லை. முதுகும் வளைந்துவிட்டது. வயதானால் கூன் விழத்தான் செய்யும் என்று நாமும் விட்டுவிடுகிறோம். ஆனால் அவருடைய முதுகுத்தண்டில் இரண்டு மூன்று முள்ளெலும்புகள் ஏற்கெனவே நசுங்கியிருக்கக்கூடும். கீழே விழாமலே, ஆஸ்பத்திரிக்குப் போகுமளவு வலிக்காமலே.

எலும்புப்புரை என்ற இந்த நோயை 'எலும்புத் தேய்மானம்' என்றே பலரும் சொல்கிறார்கள். மூட்டு வலிக்கும் அதே சொல்தான். மூட்டில் தேய்வது குருத்தெலும்பு. எலும்புப்புரை முற்றிலும் வேறு. அதில் எலும்பே உள்ளுக்குள் கரைந்து பலவீனமாகிறது. இந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு, நடந்தால் இன்னும் தேயும் என்று பயந்து உட்கார்ந்துவிடுபவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. எலும்பு செருப்பு அல்ல. சுமை இல்லாதபோதுதான் அது கரைகிறது. மிர் விண்வெளி நிலையத்தில் மாதக்கணக்கில் எடையின்றி மிதந்த திடகாத்திரமான வீரர்களுக்கே இடுப்புப் பகுதி எலும்பு மாதத்துக்கு 1 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

எலும்புக்குள் எந்நேரமும் மராமத்து நடக்கிறது. ஒரு வகை செல்கள் அமிலம் சுரந்து பழைய எலும்பைக் கரைத்துக் குழி பறிக்கும். பின்னால் வரும் வேறு செல்கள் அந்தக் குழியில் கொலாஜன் என்ற புரத இழைகளைப் பரப்ப, அவற்றின்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து இறுகும். பறிக்கச் சில வாரங்கள் போதும். நிரப்பச் சில மாதங்கள் வேண்டும். இப்படி ஆண்டுக்குச் சுமார் 10 சதவீத எலும்பு புதிதாகிறது. ஏறத்தாழ 30 வயதுக்குப் பிறகு ஒவ்வொரு குழியும் கொஞ்சம் குறையாகவே நிரம்புகிறது. பறிக்கும் செல்களை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். மாதவிடாய் நின்றதும் அந்தக் கடிவாளம் அறுந்து, அடுத்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் 20 சதவீதம் வரை எலும்பு போய்விடலாம். இந்தத் தொடர்பை 1940-களின் தொடக்கத்திலேயே பாஸ்டன் மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் எடுத்துக்காட்டினார். ஆண்களுக்கும் இந்த நோய் வரும். பொதுவாகத் தாமதமாக வரும்.

எவ்வளவு எலும்பு போகிறது என்பதைவிட எது போகிறது என்பதுதான் முக்கியம். முள்ளெலும்பின் உட்புறம், கட்டடத்துக்குச் சவுக்குக் கழிகளால் கட்டிய சாரம்போல இருக்கும். நிற்கும் கழிகள் உடலின் எடையைத் தாங்குகின்றன. குறுக்குக் கழிகள் அவற்றை வளையாமல் பிடித்துக்கொள்கின்றன. குறுக்குக் கழிகள் மெல்லியவை என்பதால் முதலில் அறுபடுவது அவையே. நிற்கும் மெல்லிய கழி ஒன்று பிடிமானமில்லாமல் நிற்கும் நீளம் இரண்டு மடங்கானால், அது தாங்கும் சுமை நான்கில் ஒன்றாகிவிடும். 18-ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் கண்ட விதி இது. சாரத்திலிருந்து ஒரே ஒரு குறுக்குக் கழியை உருவினால் எடையில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் அதில் ஏறி நிற்க எந்தக் கொத்தனாரும் துணியமாட்டார். அறுந்த கழி பெரும்பாலும் திரும்ப ஒட்டுவதுமில்லை. கட்டும் செல்கள் இருக்கிற எலும்பின் மேல்தான் பூசும். நடுவில் வெற்றிடம் விழுந்துவிட்டால் அவற்றுக்குப் பற்றுக்கோடு கிடையாது. மருந்துகள் மிச்சமிருக்கும் எலும்பைக் காக்கின்றன. சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

குனிந்து தண்ணீர் வாளியைத் தூக்கும்போது சுமை முள்ளெலும்பின் முன்பக்கத்தில் இறங்குகிறது. அந்தப் பக்கம் மட்டும் நசுங்கி, எலும்பு ஆப்பு வடிவமாகிறது. ஆப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கூன். பாட்டி இழந்த உயரம் அங்கேதான் போயிருக்கிறது.

கேழ்வரகு, பால், கொஞ்சம் வெயில், தினமும் நடை: இவை எல்லாருக்கும் நல்லவை. ஆனால் முறிவு தொடங்கிவிட்டவருக்கு இவை மட்டும் போதா. மாதவிடாய் நின்ற பெண்களில், புதிதாக ஒரு முள்ளெலும்பு நசுங்கியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் இன்னொன்று நசுங்குகிறது. இளவயது உயரத்தில் 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால், முதுகுக்கு ஓர் எக்ஸ்ரேயும் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா பரிசோதனையும் தேவை. பாட்டியின் பழைய உயரம் எங்கும் எழுதி வைக்கப்பட்டிருக்காது. ஆனால் சாமி படத்தின் ஆணி அதே இடத்தில்தான் இருக்கிறது.