லைப்போமா: கொழுப்புக்கட்டியா, கழலையா?

கையில, தொடையில, தோள்பட்டையில தோலுக்கு அடியில மெத்துன்னு ஒரு உருண்டை தட்டுப்படும், பெரும்பாலும் வலிக்காது, வருஷக்கணக்கா அப்படியே கிடக்கும். ஸ்கேன் ரிப்போர்ட்ல லைப்போமான்னு பாத்ததும் தான் வயித்துல புளிய கரைக்கும், ஏன்னா கார்சினோமா, லிம்போமா, மெலனோமான்னு கேட்டு கேட்டு 'ஓமா'ன்னு முடிஞ்சாலே கேன்சர்னு மனசுல பதிஞ்சு போச்சு. கிரேக்கத்துல லிப்போஸ்னா கொழுப்பு, ஓமாங்கறது கட்டிய குறிக்கற விகுதி, அது சாதுவா இல்லையான்னு விகுதி சொல்லாது. லைப்போமா சாதுவான கட்டி தான், பயப்பட வேண்டிய பேரு லைப்போசார்கோமா, அது தான் கொழுப்புத் திசுவுல வர்ற கேன்சர்.

தமிழ்ல எல்லாரும் சொல்றது கொழுப்புக்கட்டி. சரியான சொல்லு தான், ஆனா ரெண்டு பாதியும் ஆளக் குழப்புது. கொழுப்புன்னதும் எண்ணெய் பலகாரத்த நிறுத்தி எடைய குறைச்சா கரைஞ்சிடும்னு நெனைக்கறாங்க, உடம்பு இளைச்சாலும் இது இளைக்காதுங்க, ஒல்லியா இருக்கறவங்களுக்கும் வரும். கட்டின்னதும் பழுத்து உடையும்னு மஞ்சள் பத்து போட்டு, ஒத்தடம் குடுத்து, கடைசில பிதுக்கியும் பாக்கறாங்க. உள்ள சீழே கிடையாது, மெல்லிசான உறைக்குள்ள மஞ்சளா கொழுப்பு.

என் ஓட்டு கழலைக்கு தான். தைராய்டு வீக்கத்த முன்கழுத்துக் கழலைன்னு பாடப்புத்தகத்துல படிச்சிருப்பீங்க, அதே கழலை. கழலுறதுன்னா பிடி விட்டு நழுவுறது, மோதிரம் கழலுதுன்னு சொல்றோம்ல. டாக்டர் இதோட ஓரத்துல விரல வச்சு அழுத்துனா அப்படியே வழுக்கிட்டு போகும், அதயே ஒரு அடையாளமா வச்சிருக்காங்க. கொழுப்புக் கழலைன்னு சொன்னா கச்சிதமா இருக்கும்.

சின்னதா மேலாப்புல இருந்தா தொட்டுப் பாக்கறதும் அல்ட்ராசவுண்டும் போதும். 5 செ.மீ.க்கு மேல போச்சு, வேகமா வளருது, வலிக்குது, தசைக்குள்ள ஆழமா இருக்குன்னா எம்ஆர்ஐ, தேவைப்பட்டா பயாப்ஸி. வீரியம் கம்மியான லைப்போசார்கோமா மைக்ராஸ்கோப்லயே லைப்போமா மாதிரி தெரியலாம், அப்போ எம்டிஎம்2ங்கற ஜீன் பெருகியிருக்கான்னு பாப்பாங்க.

தொந்தரவு இல்லேன்னா விட்டுடலாம். எடுக்கறதா இருந்தா மேலாப்புல உள்ளதுக்கு அந்த இடத்த மட்டும் மரக்கடிச்சு உறையோட முழுசா எடுத்துடுவாங்க, மிச்சம் இருந்தா திரும்ப வளர வாய்ப்பிருக்கு. முழங்கைக்குக் கீழ ஆழமா இருக்கறது சில சமயம் நரம்ப அழுத்தி விரல நிமித்த முடியாம பண்ணிடும், அத மட்டும் தள்ளிப் போடாதீங்க.