நனையாத வரை பறக்கும்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் செரி குரோவ் என்றொரு சிற்றூர். அங்கே பெர்னார்ட் பீட்டன்போல் என்ற மெக்கானிக் 1929-இல் ஒரு விமானத்தைத் தன் கையாலேயே கட்டிப் பறக்கவிட்டார். எலும்புக்கூடு மரம், மேல்தோல் துணி, மூக்கில் ஃபோர்டு மாடல் ஏ காரின் 40 குதிரைத்திறன் எஞ்சின். முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்காரலாம். 'ஏர் கேம்பர்' என்று பெயர் வைத்தார். 1930-களில் அதன் வரைபடங்கள் பத்திரிகையில் வெளியாயின. அந்த வரைபடங்களை வைத்துக்கொண்டு இன்றும் வீட்டுக் கொட்டகைகளில் ஏர் கேம்பர் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அலுமினியம் தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் மரம் எதற்கு? மலிவு, தச்சுக் கருவிகளே போதும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் இயற்பியலும் மரத்தின் பக்கம் நிற்கிறது. ஒரே எடைக்கு ஒப்பிட்டால் எஃகு, அலுமினியம், நார் ஓடும் திசையில் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம், இந்த மூன்றின் விறைப்பும் ஏறக்குறைய சமம். ஸ்ப்ரூஸ் ஒரு கன மீட்டருக்கு 400 கிலோவை ஒட்டி இருக்கும். அலுமினியம் 2,700 கிலோ. அதனால் ஒரே நீளம், ஒரே எடை என்று இரண்டு சட்டங்கள் எடுத்தால் மரச்சட்டம் ஆறு மடங்குக்கு மேல் பருமனாக இருக்கும். அந்தப் பருமன்தான் பலம். மெல்லிய தகரப்பட்டையை இரு முனையிலும் பிடித்து அழுத்துங்கள், நடுவில் மடங்கிவிடும். அதே எடையுள்ள மரச்சட்டம் அசையாது. இறக்கை போல வளையவும் நெரிபடவும் நேரும் உறுப்புக்கு இதைவிடப் பொருத்தமான குணம் வேறில்லை.

ஆனால் அந்தப் பலமெல்லாம் நார் வழியேதான். மரத்தின் நார்கள் நீளமான நுண்குழாய்க் கட்டு. நார் சற்றே சாய்ந்து ஓடினாலும் பலம் சடசடவென்று சரியும். ஆகவே விமான மரத்துக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு: 15 அங்குல நீளத்துக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் நார் சாயக்கூடாது. கணு, பிசின் பை, வெடிப்பு எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது நெரிவுக் கோடு. மரம் புயலில் வளைந்தபோதோ, வெட்டி விழுத்தியபோதோ நார்கள் உள்ளே நசுங்கியிருக்கும். இழைத்த பலகையில் அது நாருக்குக் குறுக்கே தலைமுடி போன்ற ஒரு சுருக்கமாகத் தெரியும். விளக்கைச் சாய்த்துப் பிடித்துத்தான் தேட வேண்டும். அப்படி ஒரு கோடு தெரிந்தால் அந்தப் பலகை விமானத்துக்கு ஆகாது. நசுங்கிய நாருக்கு இழுவையைத் தாங்கும் வலு இல்லை.

இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முதன்மைச் சட்டத்துக்கு ஸ்பார் என்று பெயர். காற்று மேல்நோக்கித் தூக்கும்போது ஸ்பார் வளைகிறது. அடிப்பக்கம் இழுபடுகிறது, மேல்பக்கம் நெரிபடுகிறது. ஸ்ப்ரூஸ் இழுவையைத் தாங்குவதில் ஏறக்குறைய பாதியளவுதான் நெரிவைத் தாங்கும். ஆகவே வெளியில் முட்டுச்சட்டம் இல்லாத இறக்கைகளில் பெட்டி வடிவ ஸ்பார் செய்யும்போது மேல் பட்டையை அடிப்பட்டையைவிடத் தடிமனாக வைப்பார்கள். நடுச்சுவருக்கு மெல்லிய பிளைவுட். அதன் நார் 45 பாகையில் ஓடும்படி ஒட்டினால், இரு பட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கப் பார்க்கும் விசையை நேராக நாரின் வழியே ஏற்றுக்கொள்ளும். மர விமானத்தில் எங்கே பார்த்தாலும் இந்த ஒரே யோசனைதான்: விசை எந்தப் பக்கம் ஓடுகிறதோ, நாரும் அந்தப் பக்கம் ஓட வேண்டும். எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்த இடம் இது.

ஸ்பாருக்குக் குறுக்கே நின்று இறக்கைக்கு வடிவம் தருபவை விலாக்கள். அவை விரல் பருமன்கூட இல்லாத குச்சிகளால் ஆனவை. பலகையில் ஆணியடித்துச் செய்த அச்சுக்குள் குச்சிகளை வளைத்து வைத்து, மூட்டுகளில் பிளைவுட் துண்டுகளை ஒட்டி எடுப்பார்கள். சுமார் முப்பது விலா. பொறுமைதான் இதற்குத் தேவை.

கடினமான வேலை ஒட்டுவது. மரத்தின் வெட்டுமுனை, அதாவது நார்க்குழாய்கள் வாய் திறந்திருக்கும் பக்கம், பசையை உறிஞ்சிவிடும்; ஒட்டு நிற்காது. ஆகவே இரண்டு சட்டங்களை நீளவாக்கில் சேர்க்க வேண்டுமானால் முனைகளைச் சாய்வாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து ஒட்ட வேண்டும். தடிமன் ஒரு அங்குலம் என்றால் சாய்வின் நீளம் 12 அங்குலம். அப்போது ஒட்டும் பரப்பு பெரிதாகி, விசை பக்கவாட்டு நார்கள் வழியே அடுத்த சட்டத்துக்குக் கடக்கிறது. ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் அதே பசையில் ஒரு சிறு துண்டையும் ஒட்டி வைப்பது நல்ல வழக்கம். காய்ந்தபின் அதை உடைத்துப் பார்க்க வேண்டும். மரம் கிழிந்தால் வேலை சரி. பசைக்கோட்டில் பிரிந்தால் அன்று ஒட்டியது எதையும் நம்ப முடியாது.

இனி தண்ணீர். ஐப்பசி மழையில் வாசற்கதவு நிலையில் இறுகுவதைப் பார்க்காத வீடு உண்டா? மரம் காற்றின் ஈரத்தை வாங்கிக் குறுக்குவாட்டில் உப்புகிறது, வெயிலில் சுருங்குகிறது. நீளவாக்கில் மாற்றம் மிகமிகக் குறைவு. இப்படி ஆண்டுக்கணக்காக உப்பிச் சுருங்கும்போது ஒட்டுகள் வருந்தும். ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டி அப்படியே தங்கினால் பூஞ்சை குடியேறி மரத்தைத் தின்னத் தொடங்கும். பழைய விமானங்களில் பெரும்பாலும் பாலிலிருந்து எடுத்த கேசீன் பசை; ஈரத்தில் பூஞ்சைக்கு அதுவும் உணவு. பின்னால் வந்த செயற்கைப் பசைகளான ரிசார்சினாலும் எபாக்ஸியும்தான் இந்தக் கவலையைப் பெரும்பகுதி தீர்த்தன.

இதற்கு உயிர்களை விலையாகக் கொடுத்த கதை ஒன்று உண்டு. 1931 மார்ச் 31 அன்று கான்சாஸில் ஒரு ஃபோக்கர் எஃப்-10 பயணிகள் விமானத்தின் மர இறக்கை வானில் பிய்ந்து, அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னி உட்பட எட்டுப் பேரும் இறந்தார்கள். இறக்கைக்குள் புகுந்த ஈரம் ஒட்டுகளைத் தளர்த்தியிருந்தது. மேலே பிளைவுட் போர்த்திய இறக்கை, உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை. பயணிகள் விமானம் உலோகத்துக்கு மாறியதில் இந்த விபத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

ஏர் கேம்பர் போன்ற விமானத்தின் பராமரிப்பில் பெரும்பகுதி ஈரத்தோடு நடத்தும் போராட்டம்தான். உட்புற மரம் முழுவதும், போல்ட் துளைகளின் உள்சுவர் உட்பட, வார்னிஷ் பூசப்பட வேண்டும். ஒட்டவேண்டிய இடத்தில் மட்டும் பூசக்கூடாது. மேல்துணி இன்று பாலியெஸ்டர். இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் சுருங்கி மத்தளத்தோல் போல விறைக்கும். புற ஊதாக் கதிர் அதை இற்றுப்போகச் செய்யுமென்பதால் அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப்பூச்சு அடிப்பார்கள்.

அமெரிக்காவில் வீட்டில் கட்டிய விமானத்தை 12 மாதத்துக்கு ஒருமுறை முழுதாகச் சோதிக்க வேண்டும். கட்டியவரே அதற்கான சான்றிதழ் பெறலாம். ஒட்டுகளைத் தட்டிக் கேட்பார்கள்: கணீரென்றால் நலம், பொத்தென்று கேட்டால் உள்ளே பிரிந்திருக்கிறது. இரும்பு போல்ட்டைச் சுற்றிக் கறுப்புக் கறை இருந்தால் அங்கே தண்ணீர் போயிருக்கிறது. வறண்ட காலத்தில் மரம் சுருங்கியதால் போல்ட் தளர்ந்திருந்தால் முறுக்க வேண்டும். ஆனால் அளவோடு, மிஞ்சினால் வாஷர் மரத்துக்குள் புதைந்து நார் நசுங்கும்.

இறக்கையின் அடித்துணியில், விலாக்களுக்கு இடையிலான ஒவ்வொரு அறையின் மிகத் தாழ்ந்த மூலையிலும், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு துளை இருக்கும். உள்ளே சேரும் நீர் வடியவும் காற்று உலவவும் அது. குளவி மண்ணை வைத்து அதை அடைத்துவிடும். கொட்டகையைத் திறந்ததும் முதல் வேலையாகக் குனிந்து, அந்தத் துளைகளை ஒவ்வொன்றாகக் குச்சியால் குத்திப் பார்த்துவிட்டு வர வேண்டும்.