லோஸ் பாஞோஸ்: குளியலறை இல்லை ஐயா, துறை

ஐ.ஆர். 8 என்றால் தஞ்சைப் பக்கத்துப் பெரியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1966-இல் வெளிவந்த குட்டை நெல். அது பிறந்த பிலிப்பைன்ஸ் ஊரின் பெயரைத்தான் நாம் இன்னும் ஒழுங்காக எழுதப் பழகவில்லை. லாஸ் பனோஸ், லாஸ் பானோஸ், லாஸ் பேனோஸ் என்று மூன்றையும் ஒரே கட்டுரைக்குள் பார்த்திருக்கிறேன். பொறுத்துக்கொண்டேன். போன வாரம் ஒரு மொழிபெயர்ப்பில் "லாஸ் பனோஸ், அதாவது குளியலறைகள்" என்று படித்த பிறகு பொறுமை போய்விட்டது.

சொல்லின் கதை சின்னதுதான். மணிலாவுக்குத் தென்கிழக்கே, லகுனா மாகாணத்தில், மக்கிலிங் என்ற எரிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது ஊர். மலையின் சூட்டில் அங்கே வெந்நீர் ஊற்றுகள். முன்பு அது பாயி என்ற ஊரைச் சேர்ந்த ஒரு குடியிருப்பு, பெயர் மைனிட். தகலோக் மொழியில் 'சூடானது' என்று பொருள். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த ஸ்பானியப் பிரான்சிஸ்கன் பாதிரியார்கள் ஊற்றுநீரில் குளித்தால் நோய் தீரும் என்று நம்பினார்கள். குளிக்கும் இடங்கள் என்பதற்கு அவர்கள் மொழியில் 'லோஸ் பாஞோஸ்'. அதற்கு மூலம் லத்தீனில் 'பல்னேயும்' என்ற சொல், அதற்கும் முன்னால் கிரேக்கம். இவ்வளவுதான்.

சிக்கல் நடுவில் உள்ள எழுத்தில். ஸ்பானியத்தில் அது 'என்' எழுத்தின் தலையில் ஓர் அலைக்கோடு போட்டது. ஆங்கிலத் தட்டச்சுப் பலகையில் அலைபோட்ட அந்த எழுத்து கிடையாது. எனவே ஆங்கில நாளிதழ்கள் அலையை விட்டுவிடுகின்றன, நாம் அங்கிருந்து எடுத்து 'பனோஸ்' ஆக்குகிறோம். அலைதானே, போனால் போகட்டும் என்பவர்களுக்கு ஒரு தகவல்: ஸ்பானியத்தில் 'ஆஞோ' என்றால் ஆண்டு, அலை போனால் 'ஆனோ', அது ஆசனவாய். புத்தாண்டு வாழ்த்து அனுப்பும்போது கவனம் தேவை.

'மஞ்சள்' என்று சொல்லத் தொடங்கி, 'ச' வருவதற்கு முன் நிறுத்திப் பாருங்கள். நாக்கின் நடுப்பகுதி மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும். தொல்காப்பியம் ஞகாரத்துக்குச் சொல்லும் இடம் அதுதான், அலைபோட்ட எழுத்தின் இடமும் அதுதான். ஆங்கிலேயருக்கு இதற்குத் தனி எழுத்து இல்லை, திண்டாடுகிறார்கள். நம்மிடம் இருக்கிறது, அரிச்சுவடியிலேயே இருக்கிறது.

இதைச் சொன்னதும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் 'பான்யோஸ்' என்று ஒரு சமாதானம் கொண்டுவருவார்கள். எனக்கு 'பனோஸ்' மீது உள்ள கோபத்தைவிட இதன் மீதுதான் அதிகம். பனோஸ் தெரியாமல் செய்த பிழை. பான்யோஸ் யோசித்துச் செய்தது. 'ன்'-உம் 'ய'-வும் இரண்டு ஒலி, 'ஞ' ஒன்று. ஸ்பானியர்கள் இந்த வேறுபாட்டைக் காதால் பிடிப்பவர்கள்: 'உரான்யோ' என்றால் யுரேனியம், 'உராஞோ' என்றால் யாரோடும் ஒட்டாத ஆள். பிலிப்பினோ மொழியிலேயே 'பான்யோ' என்று பிரித்துத்தானே எழுதுகிறார்கள் என்று அடுத்த கேள்வி வரும். ஆமாம், சாதாரணச் சொற்களில் அப்படி எழுதுகிறார்கள். ஆனால் ஊர்ப்பெயரில் அலையை விடாமல் வைத்திருக்கிறார்களே! 'ஞோ' கண்ணுக்குப் பழக்கமில்லை என்பது கடைசி வாதம். விஞ்ஞானியை நாள்தோறும் படிக்கிற கண், மயிலை மஞ்ஞை என்ற மொழியின் கண், இதற்கு மிரளுமா?

தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'உலோசு பனோசு' என்று எழுதுகிறார். வடவெழுத்து ஸ்-ஐ வாசலோடு விரட்டிவிட்டு, சொந்த வீட்டு ஞகாரத்தையும் சேர்த்து வெளியே தள்ளியிருக்கிறார். ஸ் இருந்தால் எனக்கு உறுத்தாது. ஞ இல்லாவிட்டால்தான் உறுத்துகிறது. 'லாஸ்' என்பதும் அமெரிக்க வழக்கு. லாஸ் ஏஞ்சல்ஸ் ஊறிப்போய்விட்டது, அதைத் திருத்த முடியாது. இங்கே 'லோஸ்' என்றே தொடங்கலாம்.

சரி, குளியலறைக்கு வருவோம். இன்றைய பிலிப்பினோ மொழியில் பான்யோ குளியலறைதான், கழிவறையும்தான். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டுவிட்டார் மொழிபெயர்ப்பாளர். மலையடிவாரத்தில், திறந்த வெளியில், ஆவி பறக்கும் ஊற்றுக்கு அறை எங்கிருந்து வந்தது என்று ஒரு நொடி கேட்டிருக்க வேண்டாமா? இதே கட்டுரையில் பக்கத்து ஏரியான 'லகுனா தே பாயி'யை 'லகுனா விரிகுடா' ஆக்கியிருந்தார். பாயி ஊரின் ஏரி என்பது பொருள். ஆங்கில எழுத்தில் பார்த்தால் விரிகுடாவுக்கான சொல் மாதிரியே இருக்கும், வேறு சம்பந்தமில்லை. ஏரியை விரிகுடா ஆக்கியவருக்கு ஊற்றைக் குளியலறை ஆக்குவது பெரிய காரியமா?

இன்னொரு தரப்பு 'வெந்நீரூற்று' என்கிறது. பரவாயில்லை, ஆனால் அது பழைய மைனிட்டுக்குத்தான் நெருக்கம்; நீரின் சூட்டைச் சொல்கிறதே தவிர, மனிதர்கள் இறங்கிக் குளிப்பதைச் சொல்லவில்லை. பாஞோஸ் குளிப்பதைச் சொல்லும் சொல். அதற்குத் தமிழில் 'துறை' இருக்கிறது. ஊரைப் பெயராக எழுதும்போது லோஸ் பாஞோஸ், பொருள் சொல்லும்போது நீராடுதுறை. வேறு எதுவும் வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், இதே பொருளில் நமக்கே ஓர் ஊர் உண்டு. ஆடுதுறை. தேவாரத்தில் தென்குரங்காடுதுறை. ஆடு மேய்க்கிற துறையில்லை, நீராடும் துறை. 1960-இல் லோஸ் பாஞோஸில் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. 1982 முதல் 1988 வரை அதன் தலைமை இயக்குநராக இருந்தவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். அதே கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஆடுதுறையில் 1922-லேயே நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கிவிட்டது. அப்புறம் ஆடுதுறை 43 என்ற சன்ன ரகம் இருக்கிறதே, அதன் தாய் லோஸ் பாஞோஸின் ஐ.ஆர். 50, தகப்பன் நம் வெள்ளைப் பொன்னி. சம்பந்தி ஊரைப் போய்க் குளியலறை என்கிறோம்.