‘க்ளிக்’ கேட்கிறது, படம் கறுப்பு: பழைய போலராய்டு ஷட்டரில் என்ன கோளாறு?

போலராய்டு ஆட்டோமேட்டிக் 100 வைத்திருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: “பட்டனை அழுத்தினால் க்ளிக் என்கிறது. படம் மட்டும் கன்னங்கரேலென்று வருகிறது. ஏன்?”

பெரும்பாலும் பேட்டரிதான். மின்சாரமே இல்லாவிட்டாலும் இந்த ஷட்டர் ‘க்ளிக்’ என்னும். அந்தச் சத்தத்தை நம்பி, “நல்லா வேலை செய்யுது சார்” என்று விற்பவர்கள் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

1963-இல் வந்த இந்தக் கேமராவின் ஷட்டரில் இரண்டு தகடுகள். ஒன்று திறக்க, மற்றொன்று மூட. இரண்டையும் இழுப்பது ஸ்பிரிங்தான். மின்சாரத்துக்கு ஒரே வேலை, மூடும் தகட்டை மின்காந்தத்தால் பிடித்து நிறுத்துவது. எவ்வளவு நேரம் என்பதில்தான் அழகே இருக்கிறது. திறக்கும் தகடு நகர்ந்ததும் ஒரு மின்தேக்கி, லென்ஸுக்குப் பக்கத்திலுள்ள ஒளியுணரி வழியாக மின்னேற்றம் பெறத் தொடங்கும். ஒளியுணரியைக் குழாய் என்றால் மின்தேக்கி குடம்: வெளிச்சம் கூடினால் குழாய் அகலமாகத் திறக்கும், குடம் சட்டென நிறையும். நிறைந்ததும் டிரான்சிஸ்டர் மின்காந்தத்தை அணைக்க, தகடு மூடிக்கொள்ளும். முன்கூட்டியே அளந்து வைத்துக்கொள்வதில்லை. படம் பதியும்போதே அளக்கிறது. நடுவில் மேகம் மறைத்தால் மூடுவதும் தாமதமாகும். மைக்ரோசிப் இல்லாத காலத்தில் இது!

மின்சாரம் இல்லையென்றால் மூடும் தகட்டைப் பிடிக்க ஆளில்லை. திறந்த கையோடு மூடிவிடும்.

இதற்கான ஃபிலிம் தயாரிப்பை ஃப்யூஜி நிறுத்துவதாக 2016-இல் அறிவித்துவிட்டது. ஒவ்வொரு தாளும் காசு. அதனால் ஃபிலிம் இல்லாமலே சோதியுங்கள். பின்மூடியைத் திறந்து, ஷட்டரைக் காக் செய்து (லீவரால் ஸ்பிரிங்கை இழுத்துத் தயார்நிலையில் வைத்து), ஒளியுணரியை விரலால் முழுக்க மூடிப் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். பின்பக்கம் வழியே பார்த்தால் லென்ஸ் திறந்தே இருக்க வேண்டும். விரலை எடுத்து வெளிச்சம் காட்டியதும் இரண்டாவது ‘க்ளிக்’ வர வேண்டும்.

விரல் மூடியிருக்கும்போதே மூடிக்கொண்டால் பேட்டரி அறையைப் பாருங்கள். அதன் 4.5 வோல்ட் பேட்டரிக்குப் பதில் மூன்று ஏஏஏ செல் ஹோல்டர் போதும். வயரின் நிறத்தை நம்பாமல், பழைய பேட்டரியின் + − குறிகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டு பிறகு வெட்டுங்கள். செல் கசிந்த வெள்ளைப் படிவை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்யலாம். புது செல் போட்டும் பலனில்லையா? வயர் உறைக்குள் செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ போயிருக்கும். பளபளப்பான செம்பு தெரியும்வரை நறுக்குங்கள். தெரியவே இல்லையென்றால் வயரையே மாற்றுங்கள்.

வெளிச்சத்திலும் திறந்தே கிடந்தால் சிக்கல் ஒளியுணரிச் சுற்றிலோ, ஷட்டருக்குள் இருக்கும் சிறு தொடர்பு முனைகளிலோ இருக்கும். முனைகளுக்கிடையே ஆல்கஹால் நனைத்த காகிதக் கீற்றை நுழைத்து மெல்ல இழுங்கள், உப்புத்தாள் வேண்டாம். தகடுகளில் எண்ணெய் விடவே விடாதீர்கள். ஒட்டிக்கொள்ளும்.