மறுசீரமைப்பு அல்ல, இணக்கம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். ‘தண்டனைக்கு மாற்றாக நேர்மறை ஒழுக்கமும் மறுசீரமைப்பு ஒழுக்கமும்’ என்ற தாளை வாசித்தார்கள். முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து, “ஏனுங் டீச்சர், பையனெ வேற டிவிசனுக்கு மாத்தப் போறீங்களா?” என்று கேட்டார். அவர் குரலில் இருந்த பயம் உண்மையானது. ‘மறுசீரமைப்பு ஒழுக்கம்’ என்ற தொடரை எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் கேட்டுப் பொறுத்திருக்கிறேன். இனியும் பொறுக்க மனமில்லை.

மூலம் ஆங்கிலத்தின் ‘ரெஸ்டோரேட்டிவ் டிசிப்ளின்’. மாணவனைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது டிசிப்ளின். படிப்பு, பயிற்சி என்பதே அதன் முதற்பொருள். கட்டுப்பாடும் அடியும் பிறகு ஏறியவை. நம் பக்கத்திலும் இதே கதைதான். வேதாங்கம் ஆறில் ஒன்றின் பெயரான சிக்ஷா கற்பித்தலைக் குறிக்கும். மலையாளத்திலும் தெலுங்கிலும் அதுவே தண்டனை. தமிழில் சங்கீத சிட்சை என்றால் பயிற்சி, வெறும் சிட்சை என்றால் தண்டனை. இந்திப் புத்தகத்தில் ‘சிக்ஷா’ என்றால் கல்வி என்று படிக்கும் எங்கள் பிள்ளைகள், அடுத்த பீரியடில் மலையாள டீச்சர் அதையே தண்டனை என்று சொல்லும்போது முழிக்கிறார்கள்.

‘ரெஸ்டோர்’ என்பது பழுதானதைப் பழையபடி ஆக்குவது. 1974இல் கனடாவின் எல்மைரா ஊரில் இரண்டு இளைஞர்கள் 22 பேரின் உடைமைகளைச் சேதப்படுத்தினார்கள். நீதிபதியின் அனுமதியோடு, நன்னடத்தை அலுவலரின் துணையோடு உரியவர்களை நேரில் சந்தித்து, இழப்பை ஈடுகட்டினார்கள். இந்த வழி 1990களில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பள்ளிகளுக்கு வந்தது. என்ன நடந்தது, யார் யாருக்கு என்ன பாதிப்பு, அதைச் சரிசெய்ய என்ன செய்யலாம் என்று எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்பதுதான் இதன் உயிர்.

இதற்குப் போய் ‘மறுசீரமைப்பு’! மாநில மறுசீரமைப்பு, தொகுதி மறுசீரமைப்பு என்று கோடு போட்டுப் பிரிப்பதற்கல்லவா அந்தச் சொல்லைப் பழக்கிவைத்திருக்கிறோம்? 1956இல் செங்கோட்டை தமிழ்நாட்டுப் பக்கம் போனதும் தேவிகுளம் பீர்மேடு கேரளத்திலேயே நின்றதும் மாநில மறுசீரமைப்பில். எல்லையில் வாழ்கிறவர் காதில் அந்தச் சொல் பிரிவு என்றுதான் விழும். அந்த அம்மா சரியாகவே புரிந்துகொண்டார், தவறு எழுதியவருடையது. சிலர் ‘மீட்பு ஒழுக்கம்’ என்கிறார்கள். மீட்பு என்றால் அடகு நகை நினைவுக்கு வரும், இல்லையேல் வெள்ளத்தில் படகு.

‘நேர்மறை’ அதைவிட மோசம். எதிர்மறையில் வரும் மறை மறுப்பைக் குறிப்பது. எதிர்மறைக்கு மாறான சொல் நம் இலக்கணத்தில் பழைய காலந்தொட்டு இருக்கிறது: உடன்பாடு. அதை விட்டுவிட்டு, எதிர் இருந்த இடத்தில் நேர் என்று மாற்றி ஒட்டினால், ‘நேரான மறுப்பு’ என்றல்லவா ஆகிறது? இன்று நேர்மறை எண்ணம், நேர்மறை ஆற்றல் என்று எங்கும் பரவிவிட்டது. பரவியதாலேயே ஒரு சொல் சரியாகிவிடாது. ஒழுக்கமும் இங்கே பொருந்தவில்லை. உயிரினும் ஓம்பப்படும் என்று வள்ளுவர் சொன்ன ஒழுக்கம் ஒருவரின் நடத்தை. வகுப்பில் வேண்டியது ஒழுங்கு. ஒழுக்கத்தையே நேர்மறை, எதிர்மறை என்று பிரித்தால் எதிர்மறை ஒழுக்கம் எது?

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்கிறார்கள், முதலில் கிடைக்கும் இணைச்சொல்லை எடுக்கிறார்கள், மூடிவிடுகிறார்கள். வகுப்பில் அது எப்படி ஒலிக்கும் என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் தடைசெய்திருக்கிறது. பிரம்பை வைத்துவிட்டு வேறு என்ன செய்வது என்று ஆசிரியர்கள் மனமாரக் கேட்கிறார்கள். அவர்களுக்குத் தரும் விடை விளங்காத சொல்லில் இருந்தால் பிரம்பு திரும்பி வந்துவிடும்.

நான் சொல்வது ‘இணக்கவழி ஒழுங்கு’. ‘ஈடுசெய் ஒழுங்கு’ என்றுதான் முதலில் நினைத்தேன். போன மழைக்காலத்தில் ஐந்தாம் வகுப்பில் ஒருவன் இன்னொருவனின் குடைக்கம்பியை ஒடித்துவிட்டான். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துக் கேட்டேன். “கம்பி மாத்திக் குடுத்தர்றேன் டீச்சர்” என்றான் ஒடித்தவன். மற்றவன் குடையைப் பார்க்கவே இல்லை. “கம்பி கெடக்கட்டும். எல்லாத்து முன்னாலயும் சிரிச்சான், அதுக்குச் சொல்லச் சொல்லுங்க” என்றான். ஈடு கம்பிக்குத்தான் போதும். சிரித்ததற்கு என்ன ஈடு? அன்று சாயங்காலம் பழம் விட்டுச் சேர்ந்து போனார்கள். பிணக்கம் தீர்ந்து இணக்கம் வந்தது. கம்பியை மாற்றியது அதில் ஒரு பகுதி. இணக்கமும் பிணக்கமும் மலையாளத்திலும் இதே இணையாகப் புழங்கும் சொற்கள். ஆகவே எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் விளங்கும். சமரசம் என்று மாற்றச் சொல்கிறார்கள். மாட்டேன், சமரசத்தில் பாதிக்கப்பட்டவனும் விட்டுக்கொடுக்க வேண்டும்.

‘நேர்மறை ஒழுக்கம்’ சொல்லவருவது அடிக்காமல், அதே சமயம் தளர்த்தியும் விடாமல் நடத்துவதை. அதற்குக் ‘கனிவுக் கண்டிப்பு’ போதும்.

ஜூனில் பள்ளி திறக்கும்போது அந்தத் தாளை மறுபடி அச்சிடுகிறார்களாம். இரண்டு சொல்லையும் தலைப்பில் போட்டுத் திருத்திக் கொடுத்திருக்கிறேன்.